வெல்பெயர் எடுப்பவருக்கு வேலைத்தலத்தில் சட்டக் காப்பு உண்டா?

வாசகி ஒருவரின் கேள்வி:

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இரண்டு பிள்ளைகளுடன் தனியே இருக்கிறேன். இரண்டு வருடங்களாக ஒன்ராறியோ வேர்க்ஸ் என்ற மாகாண அரசின் உதவிப்பணம் (எங்கள் ஆட்கள் வெல்பெயர் என்பது) பெற்று வருகிறேன். ஜூன் மாதம் பொதிசெய்யும் நிறுவனம் ஒன்றுக்கு நேர்முகத்துக்குப் போனேன். இரண்டு வருடம் வேலை இல்லாமல் எப்படிச் சீவித்தீர்கள் என்று கேட்டார்கள். மறைக்காமல் சொன்னேன். வெல்பெயரில் இருந்து பழகியவர்கள் விடிய நாலு மணிக்கு எழும்பி வரமாட்டார்கள் என்று அந்த மனிதர் சிரித்துக்கொண்டே சொன்னார். வேலை கிடைக்கவில்லை. உதவிப்பணம் பெறுபவர்களைப் பாகுபடுத்தக் கூடாது என்று இங்கே சட்டம் இருப்பதாக வாசித்த ஞாபகம். முறைப்பாடு செய்யலாமா?

2025 செப்டெம்பர் 6, இரவு

தாராளமாகச் செய்யலாம். ஒன்ராறியோ மனித உரிமைகள் சட்டக்கோவை காக்கின்ற காரணங்களின் பட்டியலில், இனம், நிறம், மதம், வயது ஆகியவற்றோடு ‘பொது உதவி பெறுதல்’ என்பதும் இருக்கிறது. அந்தப் பட்டியலை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் தன் வாயாலேயே காரணத்தைச் சொல்லியிருப்பதால் சாட்சிக்கும் அதிகம் அலைய வேண்டியிராது.

2025 செப்டெம்பர் 7, காலை

நேற்று எழுதியது பிழை. அழிக்காமல் விட்டுவைக்கிறேன், ஏனென்றால் அதே பிழையை இந்த நகரத்தில் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பட்டியலில் ‘பொது உதவி பெறுதல்’ என்ற சொற்களுக்குப் பின்னால் ஓர் அடைப்புக்குறி இருக்கிறது. அதற்குள் ‘வீட்டு வசதியில் மட்டும்’ என்று எழுதியிருக்கிறது. என் கண் அந்த அடைப்புக்குறியை ஒவ்வொரு தடவையும் தாண்டிப் போயிருக்கிறது. சட்டக்கோவையைத் திறந்து பார்த்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. வீட்டு வசதியைப் பற்றிய 2ஆம் பிரிவில் பொது உதவி பெறுதல் இருக்கிறது. வேலையைப் பற்றிய 5ஆம் பிரிவில் இல்லை. ஆகவே, நீங்கள் வெல்பெயர் எடுப்பவர் என்பதற்காக ஒருவர் தன் நிலக்கீழ் வீட்டை வாடகைக்குத் தர மறுத்தால் அவரை மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்கு அழைக்கலாம். அதே மனிதர் தன் தொழிற்சாலையில் அதே காரணத்தைச் சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பினால், அந்தக் காரணத்தை மட்டும் வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கனடாவில் இப்படியான சட்டக்கோவையை 1962இல் முதலில் கொண்டுவந்த மாகாணம் ஒன்ராறியோ. 1981இல் அதைத் திருத்தி எழுதியபோது வாடகைக்காரருக்குக் கொடுத்த காப்பை வேலை தேடுபவருக்குக் கொடுக்காமல் விட்டார்கள்.

அதே பட்டியலில் ‘குற்றப் பதிவு’ என்பதற்குப் பக்கத்திலும் ஓர் அடைப்புக்குறி உண்டு. அங்கே ‘வேலையில் மட்டும்’ என்று இருக்கிறது. சிறைக்குப் போய்வந்தவரை வேலைத்தலத்தில் காக்கிறார்கள், வீட்டில் காக்கவில்லை. வெல்பெயர் எடுத்தவரை வீட்டில் காக்கிறார்கள், வேலைத்தலத்தில் காக்கவில்லை. இருவரும் ஒன்றாகக் குடியிருந்தால் ஒரு முழு மனிதருக்கான காப்புக் கிடைக்கும் போலும்.

2025 செப்டெம்பர் 7, இரவு

பகிடி நன்றாக இருந்தாலும் சரியாக இல்லை என்று ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். ‘குற்றப் பதிவு’ என்று சட்டக்கோவை சொல்வது மன்னிப்பு வழங்கப்பட்ட குற்றங்களையும் மாகாணச் சட்ட மீறல்களையும் மட்டுமே. சிறைக்குப் போய்வந்த எல்லோருக்கும் அந்தக் காப்பு இல்லை. திருத்திக்கொள்கிறேன்.

2025 செப்டெம்பர் 10

எனக்கு இந்த விடயத்தில் ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்டிருக்கிறார்கள்.

நான் 1994இல் கனடாவுக்கு வந்தேன். வெல்லஸ்லி வீதிப் பக்கத்து மாடிக்கட்டடம் ஒன்றில் மூவராக ஓர் அறையைப் பங்கிட்டுக்கொண்டு இருந்தோம். மூவரும் வெல்பெயரில் இருந்தோம். தனி ஆளுக்கு மாதம் 663 டொலர் வந்தது. 1995 ஒக்ரோபரில் அப்போதைய மாகாண முதல்வர் மைக் ஹாரிசின் அரசாங்கம் 21.6 வீதத்தை வெட்டியது. அந்த மாதக் காசோலையில் 520 டொலர் என்று இருந்தது. நண்பன் அது யாரோ ஒருவருடைய காசோலை மாறி வந்துவிட்டது என்று நினைத்து உறையில் இருந்த பெயரைத் திரும்பத் திரும்ப வாசித்தான்.

அந்த மாரியில் எனக்கு ஒரு பாண் தொழிற்சாலையில் பகுதிநேர வேலை கிடைத்தது. கிழமைக்கு 28 மணித்தியாலம். உழைக்கின்ற காசை அறிவிக்க வேண்டும் என்பதால் வெல்பெயர் அலுவலகம் ஒரு படிவத்தைத் தந்து, முதலாளியிடம் நிரப்பிக் கையெழுத்து வாங்கி வரச் சொன்னது. படிவத்தின் தலையில் எந்த அலுவலகத்தின் படிவம் என்பது தடித்த எழுத்தில் இருந்தது. நான் அதை எட்டாக மடித்துக் காற்சட்டைப் பையில் இரண்டு நாட்கள் வைத்திருந்தேன். மூன்றாம் நாள், தட்டுகளுக்கு எண்ணெய் பூசுகிற வேலை முடிந்து, கையைக் கழுவாமலே போய்ச் சம்பளக் கணக்குப் பார்க்கும் பெண்ணிடம் கொடுத்தேன். மடித்த இடங்களில் எண்ணெய் ஊறியிருந்தது. அவர் அதை மேசையில் வைத்து இரண்டு உள்ளங்கைகளாலும் நீவி விரித்தார், தலைப்பை வாசித்தார், வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், கதவுக்கு அப்பால் நின்ற மேற்பார்வையாளரைக் கண்ணால் கூப்பிட்டார். அவர் வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். இருவரும் ஒன்றும் பேசவில்லை. படிவத்தை நிரப்பித் தந்தார்கள்.

இரண்டு கிழமை கழித்துச் சுவரில் ஒட்டிய நேர அட்டவணையில் என் பெயருக்கு நேரே 16 மணித்தியாலம் இருந்தது. இந்தப் பக்கத்தில் நாம் பேசுகிற பாகுபாடு அந்த 12 மணித்தியாலம்தான் என்று இத்தனை வருடமாக நினைத்திருக்கிறேன்.

2025 செப்டெம்பர் 11

நேற்றையதை எழுதிவிட்டுப் படுத்தேன், நித்திரை வரவில்லை. சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது.

அட்டவணை குறைந்தது 1996 ஜனவரியில். நத்தார் முடிந்ததும் எந்தப் பாண் தொழிற்சாலையிலும் வேலை குறையும். என்னோடு அந்தக் கிழமை நேரம் குறைக்கப்பட்டவர்கள் இன்னும் இரண்டு பேர். அவர்களில் ஒருவர் போர்த்துக்கேயப் பெண், அவருக்கும் வெல்பெயருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எனக்கு 12 மணித்தியாலம் குறைந்தது, அவர்களுக்கு 6 அல்லது 8 குறைந்தது என்று நினைவு. ஆனால் 29 வருடங்களாகக் கதையைச் சொல்லிச் சொல்லி அந்த எண்ணை நானே கூட்டியிருக்கவும் கூடும்.

இருந்தாலும் முழுவதையும் கைவிட நான் தயாரில்லை. மனித உரிமை வழக்குகளில், காக்கப்பட்ட காரணம்தான் ஒரே காரணம் என்று காட்ட வேண்டிய தேவை இல்லை. முடிவுக்கு அதுவும் ஒரு காரணமாக இருந்தது என்று, இருக்கக்கூடிய வாய்ப்பு இல்லாதிருக்கும் வாய்ப்பைவிட அதிகம் என்ற அளவுக்குக் காட்டினால் போதும். நத்தாரும் காரணமாக இருந்திருக்கலாம், படிவமும் காரணமாக இருந்திருக்கலாம். அப்போது என் வழக்கு நிற்குமா விழுமா என்பதை ஒருவர் உட்கார்ந்து கேட்டுத் தீர்மானித்திருப்பார். 5ஆம் பிரிவில் அந்தச் சொல் இல்லாததால், கேட்பதற்கே ஆள் இல்லை.

2025 செப்டெம்பர் 12

ஓ.டி.எஸ்.பி. (ஒன்ராறியோ இயலாமை ஆதரவுத் திட்டம்) எடுப்பவர்களின் நிலை என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவர்களுக்கு வழி உண்டு. அந்த உதவி இயலாமை உள்ளவர்களுக்கானது. இயலாமை 5ஆம் பிரிவில் இருக்கிறது. ‘ஓ.டி.எஸ்.பி. எடுப்பவர் வேண்டாம்’ என்று சொல்கிற முதலாளி உண்மையில் ‘இயலாமை உள்ளவர் வேண்டாம்’ என்றுதான் சொல்கிறார் என்று வாதிடலாம். 2023 பெப்ரவரியில் இருந்து அவர்கள் மாதம் 1,000 டொலர் வரை உழைத்தாலும் உதவி குறையாது என்பதால், வேலைக்குப் போகிறவர்களும் கூடியிருப்பார்கள். ஒன்ராறியோ வேர்க்ஸ் எடுப்பவருக்கு இப்படி ஒளிந்துகொள்ள இன்னொரு சொல் கிடையாது.

2025 செப்டெம்பர் 14

வேறு இடங்களில் எப்படி என்று பார்த்தேன். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலம் 1973இல் இருந்தே இதை வேலைக்கும் சேர்த்துக் காக்கிறது. அந்தச் சட்டம் ‘பொது உதவி தொடர்பான நிலை’ என்று அதற்குப் பெயர் வைத்து வரையறையும் கொடுக்கிறது: மத்திய, மாநில, உள்ளூர் உதவி எதையாவது பெறுபவர், மருத்துவ உதவி பெறுபவர், வாடகைக்கு அரச மானியம் பெறும் குடியிருப்பாளர் எல்லோரும் அதற்குள் வருகிறார்கள். வேலைக்கு எடுத்தல், வைத்திருத்தல், ஊதியம், பதவி உயர்வு, வேலை நிபந்தனைகள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி இவற்றில் பாகுபாடு கூடாது என்கிறது.

எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னோர் உட்பிரிவு. வேலைக்கு எடுப்பதற்கு முன்னர், விண்ணப்பதாரரிடம் அந்த நிலையைப் பற்றிய தகவலைக் கேட்பதே அங்கே தவறு. எங்கள் வாசகியிடம் ‘எப்படிச் சீவித்தீர்கள்’ என்று கேட்டார்களே, அந்தக் கேள்வி மினியாபொலிஸ் நகரத்து நேர்முகத்தில் அங்கேயே சிக்கலை உண்டாக்கியிருக்கும். பக்கத்து வட டக்கோட்டாவின் சட்டமும் பொது உதவியைக் காக்கிறது. அரசாங்க உதவியை அப்படியொன்றும் கொண்டாடாத மாநிலம் அது.

இனி கனடா. சஸ்காச்சுவானில் பொது உதவி பெறுதல் வேலைக்கும் பொருந்தும். கியூபெக்கின் சாசனம் ‘சமூக நிலை’ என்ற பரந்த சொல்லை வைத்திருக்கிறது. வேலை விண்ணப்பத்தில் அதைப் பற்றிக் கேட்பதையும் தடுக்கிறது. மானிற்றோபாவிலும் அல்பேட்டாவிலும் ‘வருமான மூலம்’ என்ற சொல் இருக்கிறது. எங்களைப் போலவே வீட்டோடு நிறுத்திக்கொண்ட இன்னொரு பெரிய மாகாணம் பிரிட்டிஷ் கொலம்பியா. வன்கூவரிலும் ரொறன்ரோவிலும் வாடகை என்ன விலை விற்கிறது என்று தெரிந்தவர்கள், சட்டம் வீட்டுப் பக்கம் மட்டும் கண்ணைத் திருப்பியதற்குக் காரணம் கண்டுபிடிக்கலாம். ஆனால் வேலை இல்லாமல் அந்த வாடகையை யார் கட்டுவது?

2025 செப்டெம்பர் 15

ஒரு சின்ன விலகல். எங்கள் ஆட்கள் ‘சம்பளம் வாங்குகிறார்’ என்கிறார்கள், ‘வெல்பெயர் எடுக்கிறார்’ என்கிறார்கள். வாங்குவதற்கு ஒருவர் தர வேண்டும்; எடுப்பதற்கு யாரும் தர வேண்டியதில்லை, கையை நீட்டினால் போதும். முதலாளிகளின் மனத்தில் இருக்கும் ஐமிச்சம் இந்த வினைச்சொல்லிலேயே இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

2025 செப்டெம்பர் 15, பின்னர்

ஒரு மணித்தியாலத்துக்குள் என் மொழியியல் கவிழ்ந்தது. ‘பென்சன் எடுக்கிறார்’, ‘லீவு எடுக்கிறார்’, ‘படம் எடுக்கிறார்’ என்று நாங்கள் சொல்வதில்லையா என்று என் மனைவி கேட்டார். பென்சன் எடுப்பவரை யாரும் சோம்பேறி என்று சொல்வதில்லை. வினைச்சொல்லில் குற்றம் இல்லை. சட்டத்துக்குத் திரும்புவோம்.

2025 செப்டெம்பர் 20

வாசகி மறுபடியும் எழுதியிருக்கிறார். இம்முறை எங்கள் ஆட்களின் சமையற்கூடம் ஒன்று அவருக்கு வேலை தர முன்வந்திருக்கிறது. மணிக்கு 12 டொலர், கைக்காசு. அவர் தயங்கியபோது, “உங்களுக்குத்தான் வெல்பெயர் வருகுதே, பேந்தென்ன?” என்று கேட்டிருக்கிறார்கள்.

இந்த ஒரு வசனத்துக்காகத்தான் நான் இந்த இழையை இன்னும் விடாமல் இருக்கிறேன். பாகுபாடு என்றதும் நாங்கள் கதவை மூடுகிறவரையே நினைக்கிறோம். எங்கள் ஊர்க்காரர்களிடையே நான் அதிகம் கண்டது கதவைத் திறந்து, விலையைக் குறைக்கிறவரை. வெல்பெயர் எடுப்பவர் என்று தெரிந்ததும் அவருடைய மணித்தியாலத்தின் விலை இறங்குகிறது. மின்னசோட்டாச் சட்டத்தில் ‘ஊதியம்’ என்ற சொல் ஏன் இருக்கிறது என்பது எனக்கு இங்கேதான் விளங்கியது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எளிமைக்காகப் பிள்ளைகள் இல்லாத தனி ஆள் என்று வைத்துக்கொள்கிறேன்; சம்பளத்தில் கழியும் ஓய்வூதிய, வேலைக்காப்புறுதிப் பணத்தையும் விட்டுவிடுகிறேன். தனி ஆளுக்கு ஒன்ராறியோ வேர்க்ஸ் தருவது அதிகபட்சம் 733 டொலர்: அடிப்படைத் தேவைக்கு 343, வாடகைக்கு 390. 2018இல் இருந்து இது உயரவில்லை. உதவியில் மூன்று மாதம் கழித்தவர் உழைக்கிற காசில் முதல் 200 டொலரைத் தொடமாட்டார்கள். மிச்சத்தில் பாதியை உதவியில் இருந்து கழிப்பார்கள். மாதம் 50 மணித்தியால வேலை என்றால், குறைந்தபட்ச ஊதியமான 17.20 டொலரில் 860 வரும். அதில் 200 போக 660, அதன் பாதி 330. உதவி 403 ஆகக் குறையும். கையில் 1,263.

அதே 50 மணித்தியாலத்தைக் கைக்காசுக்குச் செய்து மறைத்தால் 600, அதோடு குறையாத 733. கையில் 1,333. ஆகவே வேலை செய்தவருக்கு 70 டொலர் இலாபம். சமையற்கூடக்காரருக்கு 860க்குப் பதிலாக 600 கொடுத்ததால் 260 டொலர் இலாபம். ஆபத்தோ முழுவதும் 70 டொலர்க்காரரின் தலையில். கண்டுபிடித்தால் மேலதிகக் கொடுப்பனவு என்று கடன் எழுதி வருகிற மாதங்களில் அறவிடுவார்கள். மோசடி வழக்கும் வரலாம். கிம்பர்லி ரொஜர்ஸ் என்ற கர்ப்பிணிப் பெண், வெல்பெயர் எடுத்த காலத்தில் மாணவர் கடனும் பெற்றதற்காக வீட்டுக்காவலில் இருந்தபோது 2001 ஓகஸ்ற்றில் சட்பரியில் இறந்துபோனதைப் பழையவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அப்போது ஒன்ராறியோவில், வெல்பெயர் மோசடிக்குக் குற்றவாளியானால் வாழ்நாள் முழுதும் உதவி இல்லை என்ற விதியும் இருந்தது. பிறகு அதை எடுத்துவிட்டார்கள்; பயம் எடுபடவில்லை. கைக்காசு முதலாளிக்கு அந்தப் பயம்தான் காப்புறுதி: தன் மீது முறையிட்டால் முறையிடுகிறவரும் மாட்டுவார் என்று அவருக்குத் தெரியும்.

2025 செப்டெம்பர் 21

இரண்டு திருத்தம். கைக்காசு கொடுப்பது தன்னளவில் சட்டவிரோதம் இல்லை. வேலை நியமங்கள் சட்டம் ஊதியத்தைக் காசாகக் கொடுக்க அனுமதிக்கிறது. ஆனால் மணித்தியாலம், ஊதிய வீதம், கழிவு எல்லாம் எழுதிய சம்பளச் சிட்டை கூடவே வர வேண்டும். சிட்டை இல்லாததும் 17.20க்குக் கீழே இறங்கியதும்தான் குற்றம்.

இரண்டாவது, இதற்கு மனித உரிமைத் தீர்ப்பாயம் தேவையே இல்லை. குறைந்தபட்ச ஊதியம் யாருக்கும் குறைந்தபட்ச ஊதியம்தான். வெல்பெயர் எடுப்பவரா இல்லையா என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. தொழில் அமைச்சிடம் இரண்டு வருடங்களுக்குள் முறையிடலாம். முறையிட்டதற்காகப் பழிவாங்குவதும் தடை. வாசகிக்கு இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். என் பாகுபாட்டுக் கோட்பாட்டின் மீது எனக்கிருந்த ஆசை என்னை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஆனாலும் 19 டொலர் வேலைக்கு அவருக்கு மட்டும் 17.20 கொடுத்தால் இந்தச் சட்டம் திரும்பியும் பாராது.

2025 செப்டெம்பர் 27

இதை எழுதுவதா என்று ஒரு கிழமை யோசித்தேன்.

2003 அளவில் நான் உறைய வைத்த உணவு செய்யும் ஆலை ஒன்றில் ஒரு வரிசைக்குப் பொறுப்பாக இருந்தேன். ஆட்களை அனுப்பும் ஏஜென்சியில் இருந்து ஒவ்வொரு திங்களும் பெயர்த் தாள் வரும். சில பெயர்களுக்குப் பக்கத்தில் பேனையால் ஒரு நட்சத்திரம் போட்டிருக்கும். அவர்கள் வெல்பெயர் அலுவலகத்தின் வேலைத் திட்டத்தால் வந்தவர்கள் என்று அதற்குப் பொருள். அந்த நட்சத்திரக்காரர்களை நான் ஒருபோதும் திருப்பி அனுப்பவில்லை. குளிர் அறையில் போட்டேன்.

குளிர் அறையில் மற்றவர்கள் இரண்டு கிழமைக்கு மேல் நிற்கமாட்டார்கள். நட்சத்திரக்காரர்கள் நிற்பார்கள். ஒன்ராறியோ வேர்க்ஸ் எடுப்பவர் தகுந்த காரணம் இல்லாமல் வேலையை விட்டால் உதவி குறைக்கப்படும் அல்லது நிறுத்தப்படும். அது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கையுறைக்குள் விரல் மரத்துப்போய், இடைவேளையில் காப்பிக் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குடிக்காமல் அப்படியே வைத்திருப்பார்கள். அது சூட்டுக்காக. நான் எட்டு வருடத்துக்கு முன்னர் எண்ணெய்க் கையோடு படிவம் கொண்டு போனவன். அந்தத் தாளைப் பார்த்தபோது அது எனக்கு ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை என்பதுதான் உண்மை.

சட்டத்தில் இதற்குப் பெயர் ‘வேலை நிபந்தனைகள்’. சோம்பேறி என்று நினைத்து ஒருவரை விலக்குவது ஒரு வகை; ஓடமாட்டார் என்று கணக்கிட்டு ஒருவரைத் தெரிந்தெடுப்பது இன்னொரு வகை. பின்னதை மாகாணமே முன்னின்று செய்திருக்கிறது. ஒன்ராறியோ வேர்க்ஸின் கீழ்க் கட்டாய சமூகப் பணியில் இருப்பவர்கள் தொழிற்சங்கத்தில் சேரக்கூடாது என்பதற்காகவே 1998இல் தனியாக ஒரு சட்டம் இயற்றினார்கள். அதன் பெயரே ‘தொழிற்சங்கமாதலைத் தடுக்கும் சட்டம்’.

2025 ஒக்ரோபர் 2

நேற்றோடு குறைந்தபட்ச ஊதியம் 17.60 ஆகிவிட்டது. ஆகவே 20ஆம் திகதிக் கணக்கைத் திருத்துகிறேன். 50 மணித்தியாலத்துக்கு 880, 200 போக 680, பாதி 340, உதவி 393, கையில் 1,273. கைக்காசால் கிடைக்கும் இலாபம் 60 டொலராகக் குறைகிறது. சமையற்கூடக்காரரின் இலாபம் 280 ஆக ஏறுகிறது. அவர் இன்னும் 12 டொலரில்தான் நிற்கிறார் என்று வாசகி எழுதியிருக்கிறார்.

2025 ஒக்ரோபர் 5

சட்டக்கோவையை மாற்ற யாரும் முயலவில்லையா என்று கேட்டவருக்கு: முயன்றார்கள். 2017இல் நத்தலி டெ ரோசியே என்ற உறுப்பினர் ஒன்ராறியோச் சட்டமன்றத்தில் 164ஆம் இலக்கத் தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். ‘சமூக நிலைமை’, ‘குடிவரவு நிலை’ உட்பட நான்கு காரணங்களைச் சேர்க்கும் மசோதா அது. இரண்டாம் வாசிப்பைத் தாண்டியது. 2018 தேர்தலோடு முடிந்துபோனது. மத்திய அரசின் சட்டத்தில் சமூக நிலையைச் சேர்க்கும்படி முன்னாள் நீதியரசர் லா ஃபொரே தலைமையிலான குழு 2000ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. அதுவும் சேர்க்கப்படவில்லை.

நான் சட்டத்தரணி இல்லை. ஆனாலும் ஒரு வாதம் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. 1995இல், ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒரே வீட்டில் இருந்தால் உடனேயே கணவன் மனைவி என்று ஊகித்து உதவியை நிறுத்தும் விதி வந்தது. அந்த விதியால் உதவி இழந்தவர்களில் ஏறத்தாழ 90 வீதம் பெண்கள். ஃபோல்கினர் வழக்கில் 2002இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்றது. அதோடு, சமூக உதவி பெறுதல் என்பது கனடாவின் உரிமைகள் சாசனத்தில் சமத்துவம் பற்றிய 15ஆம் பிரிவின் கீழ்க் காக்கப்பட வேண்டிய காரணம் என்றும் சொன்னது. சாசனம் அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், சமையற்கூடத்தை அல்ல. ஆனால் மனித உரிமைகள் சட்டத்தை எழுதியது அரசாங்கம் அல்லவா? அல்பேட்டா தன் சட்டத்தில் பாலியல் நாட்டத்தைச் சேர்க்காமல் விட்டபோது, விட்டதே சாசன மீறல் என்று 1998இல் வ்ரியண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி, அந்தச் சொல் அங்கே இருப்பதாகவே வாசிக்க வேண்டும் என்றது. இந்த இரண்டையும் சேர்த்தால், 5ஆம் பிரிவில் இல்லாத சொல்லை நீதிமன்றமே உள்ளே வைக்கலாம் என்று வாதிட முடியாதா?

2025 ஒக்ரோபர் 6

சட்ட உதவி நிலையத்தில் வேலை செய்யும் ஒருவர் பதில் தந்திருக்கிறார். வாதம் முட்டாள்தனமானது இல்லையாம். ஆனால் அல்பேட்டாவில் அந்தச் சொல் சட்டத்தில் எங்குமே இருக்கவில்லை. இங்கே சட்டமன்றம் தெரிந்துகொண்டே வீட்டுக்குக் கொடுத்து வேலைக்குக் கொடுக்காமல் விட்டிருப்பதால், அது ஆய்ந்து எடுத்த முடிவு என்று அரசாங்கம் வாதாடும். இதை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோக வெல்பெயரில் இருக்கிற ஒருவர் பல வருடங்களைக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். அல்பேட்டா வழக்கைத் தொடுத்த வ்ரியண்ட் வேலை இழந்தது 1991இல், தீர்ப்பு 1998இல்.

2025 ஒக்ரோபர் 12

வாசகியிடம் அந்த ஜூன் நேர்முகத்தை ஆரம்பத்தில் இருந்து ஒழுங்காகச் சொல்லச் சொன்னேன். நான்காம் கேள்வியாக, “வேலை நேரத்தில் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்?” என்று கேட்டார்களாம். அதை ஏன் முதலிலேயே எழுதவில்லை என்றேன். எல்லா இடத்திலும் கேட்பார்கள், அதில் என்ன என்றார்.

குடும்ப நிலை 5ஆம் பிரிவில் இருக்கிறது. அதை வைத்து ஆட்களைப் பிரிக்கும் கேள்வியை வேலைக்கு எடுக்கும்போது கேட்பதை 23ஆம் பிரிவு தடுக்கிறது. வெல்பெயரைப் பற்றிய நக்கல் அவரை நான்கு மாதமாக உறுத்திக்கொண்டிருக்கிறது, அதற்குச் சட்டத்தில் இடம் இல்லை. கேட்டதும் மறந்துபோன கேள்விக்கு இடம் இருக்கிறது. நேர்முகம் நடந்ததில் இருந்து ஒரு வருடத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே 2026 ஜூன் வரை நேரம் உண்டு. மனித உரிமைகள் சட்ட ஆதரவு மையம் இலவசமாக ஆலோசனை தரும். அங்கே பேசும்போது வெல்பெயர் வசனத்தையும் விடாமல் சொல்லுங்கள். தனியாக நிற்காவிட்டாலும் குடும்ப நிலைக்குப் பக்கத்தில் அது சூழ்நிலைச் சான்றாக நிற்கலாம்.

2025 ஒக்ரோபர் 19

வாசகி வேறோர் இடத்தில் சிட்டையோடு ஒரு வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். உழைப்பை உறுதிப்படுத்தும் படிவம் ஒன்றை முதலாளியிடம் நிரப்பி வரும்படி வெல்பெயர் அலுவலகத்தில் அவருடைய கேஸ் வேர்க்கர் கொடுத்திருக்கிறார். அதற்குப் பதிலாகச் சம்பளச் சிட்டைகளை ஏற்பீர்களா என்று கேட்டுப் பாருங்கள் என்றேன். ஏற்றுக்கொண்டார்களாம், கைத்தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பினால் போதுமாம்.

அந்த நேர்முகத்தைப் பற்றி முறையிடுவதா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.